ஏழு கையேடுகளுக்கும் ஒரே பத்தி

சாயப்பட்டறை இயந்திரங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் கையேடு எழுதுபவளைக் கமாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் அச்சுக்கு விடமாட்டாள்.

ஏழு மாடல், ஏழு கையேடு. ஒரே பத்தியை ஏழு தடவை திருத்தி அலுத்துப்போய், பொதுவான பத்திகளை ஓரிடத்தில் வைத்து, ஏழும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தவளும் அவள்தான். அங்கே ஒரு சொல்லை மாற்றினால் ஏழிலும் மாறிவிடும்.

காலை பதினோரு மணிக்கு ஒரு பட்டறை மெக்கானிக் போன் செய்தார்.

"புதுப் புத்தகம் வந்துச்சும்மா. மெஷின நிறுத்தி நாலு நிமிஷத்துல மூடியத் திறக்கலாம்னு போட்டிருக்கு. நிஜமாவா?"

"புத்தகத்துல இருந்தா சரியாத்தாண்ணே இருக்கும்," என்றாள், வேறொரு பக்கத்தைத் திருத்திக்கொண்டே.

"உள்ள ஆவி அடைச்சுக்கிட்டு மூடி இன்னும் முனகுதே, அதான் கேட்டேன். சரி, நீங்க சொன்னா சரி."

வைத்துவிட்டார். முனகுதே என்ற சொல் அவள் காதைவிட்டுப் போகவில்லை. எந்த மாடல் என்று கேட்கக்கூட இல்லை. அந்தப் பத்தியைத் திறந்தாள். போன மாதம் புது மாடலுக்காக இருபதை நாலாக்கியது அவள் கைதான். 'புது மாடலுக்கு மட்டும்' என்று குறியிட மறந்திருந்தாள். அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் வால்வு பழைய ஆறு மாடலிலும் கிடையாது.

திரும்ப அழைத்தாள். மூன்றாம் தடவைதான் எடுத்தார்.

"இன்னும் திறக்கலம்மா. மனசு ஒப்பல."

"இருபது நிமிஷம்ணே. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தன பட்டறைக்குப் போயிருக்கு?"

"நாப்பத்தொண்ணு சார்."

"திங்கக்கிழமை திருத்தின புத்தகத்த அனுப்பிடலாம். இப்பப் போன் பண்ணினா நாமளே போய் மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அதுவரைக்கும் யாரும் மூடியத் திறக்காம இருப்பாங்களா சார்?"

பதிலுக்குக் காத்திராமல் பட்டறைகளின் பட்டியலை எடுத்துவந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழைத்தாள். சிலர் சிரித்தார்கள், சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒருவர், ஒரு வாரமாக நாலு நிமிடத்தில்தான் திறப்பதாகவும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சாதாரணமாகச் சொன்னார். இனி இருபது நிமிடம் என்று அவரையே இரண்டு தடவை சொல்லவைத்தாள். மகளைப் பள்ளியிலிருந்து தானே கூட்டி வருவதாகக் கணவன் அனுப்பிய செய்தியைப் படித்தாள். அடுத்த எண்ணை அழுத்தினாள்.

நாலரை மணிக்கு, முப்பத்தொன்பதாவது எண்ணில், ஒரு பெண் எடுத்தாள்.

"மெஷின் ஓட்டுறவரு நம்பர்தானேம்மா?"

"என் வீட்டுக்காரரு. முந்தாநாள் மூடி தெறிச்சு மேலெல்லாம் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரில இருக்கோம். நீங்க யாரு?"

மேலாளர் வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அந்த மெஷின் புத்தகத்த எழுதினவம்மா. நிமிஷத்தத் தப்பாப் போட்டது நான்தான்," என்றாள் கமாக்கா.

அந்தப் பெண் பக்கத்தில் யாரையோ, "இங்க வாங்க, இவங்க சொல்றதக் கேளுங்க," என்று கூப்பிடுவது கேட்டது. கமாக்கா போனை வைக்காமல் காத்திருந்தாள்.