மருந்தில் விழுந்த கோடுகள்

கருத்தையாவின் தீப்பெட்டி ஆபீஸுக்குப் புது மிஷின் வந்து எட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் சந்தனமாரியின் வேலைக்கு உலை வைத்துவிட்டது.

பெட்டியின் பக்கவாட்டில் உரசுமருந்து பூசுகிற மிஷின் அது. இரண்டு உருளைகள் சுழன்று மருந்தை மெல்லிசாக இழுத்துப் பூச வேண்டும். பூசியதோ உழுத கரிசலைப் போல வரி வரியாக நின்றது. உரசினால் பத்துக் குச்சியில் நாலு பற்றவில்லை.

மிஷின் விற்ற ஆள் வந்து, மருந்தை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்து, "கலவை சரியில்லை, கெட்டியாக்குங்க" என்று சொல்லி, டீயும் குடித்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷமாக மருந்து கலக்குகிற சந்தனமாரிக்குக் கலவை தெரியாதாம்! வயிறு எரிந்தாலும் பசையைக் கூட்டினாள். வரி இன்னும் தடித்தது. திங்கட்கிழமை வேறு ஆள் கலக்க வருகிறான், நீ பண்டல் கட்டப் போ என்று கருத்தையா சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கரண்டு மங்கியது. மிஷின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றியது. எல்லோரும் காற்று வாங்க வெளியே போக, சந்தனமாரி உருளையையே பார்த்து நின்றாள். வரிகள் பக்கத்து வரிகளோடு கரைந்து, மருந்து ஒரே பரப்பாகப் படிந்தது. கரண்டு கூடியதும் பழையபடி வரி.

"அண்ணாச்சி, இங்கன வாங்க! கலவை மேல பழி போடாதீங்க. வேகந்தான் கோடு போடுது."

"வேகத்துக்குத்தானட்டி மிஷினே வாங்குனேன்?"

"வேகமாப் பூசி என்னத்துக்கு? பாதிக்குப் பாதி குப்பைக்குல்லா போகுது! பழைய பக்குவத்துல கலக்கிட்டு வாரேன், மெதுவா ஓட்டிப் பாருங்க. அப்பவும் கோடு விழுந்தா நானே பண்டல் கட்டப் போறேன்."

அவள் கலக்கிக் கொண்டுவந்து ஊற்றியதும் கருத்தையா வேண்டாவெறுப்பாக ஸ்பீடைக் குறைத்தார். வரி மெலிந்தது, போகவில்லை. அவள் உருளைக்கு அருகே குனிந்து பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் கொறைங்க."

குறைத்தார். வரி இல்லை.

பெட்டிகள் காய்ந்ததும் முற்றத்துக்குக் கொண்டுபோய் உரசினார். பத்துக்குப் பத்தும் பற்றின. அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"தம்பி, திங்கக்கெழம வர வேண்டாம்ப்பா. இங்கன கலக்க ஆளு இருக்கு."

சந்தனமாரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், உள்ளே வந்த கருத்தையாவின் கை மெல்ல ஸ்பீடு திருகுக்குப் போகிறது.

"அண்ணாச்சி, கைய எடுங்க!"

எடுத்துவிட்டார்.