தெருவுக்கு என்ன நிறம்

அவள் நகரமைப்பு அலுவலகத்தில் சர்வேயர். நகரத்துக்குப் புதிய திட்ட வரைபடம் போடுவதற்காகத் தெருத் தெருவாகப் போய், எந்தக் கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்று குறித்து வர வேண்டும். வீடு மஞ்சள், கடை நீலம், பட்டறை ஊதா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாய் சும்மா இருக்காமல், "வர்ற புதன்கிழமை உங்க தெருதான்" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். கீழே லேத் பட்டறை, மேலே குடும்பம் என்று இருபது வருடமாக இருப்பவன். அவன் வந்தபோது அதுதான் நகரத்தின் கடைசித் தெரு. அதற்கப்புறம் நகரம் அதைத் தாண்டிப் போய்விட்டது. எதிரே அடுக்குமாடி வந்தது. கூடவே, சத்தம் தாங்கவில்லை என்ற புகாரும் வந்தது.

புதன்கிழமை அவள் தெருவுக்குள் நுழைந்தபோது எங்கும் சத்தமே இல்லை. தையல் கடையின் போர்டு இருந்த இடத்தில் சுவர் வெளுத்துத் தெரிந்தது. அச்சகத்து வாசலில் ஈரத் துணி காய்ந்தது. பேட்டரி கடைக்காரர் நாற்காலி போட்டுப் போன வாரப் பேப்பரைக் கருத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

கூட வந்த சக ஊழியருக்கு அலுவலகத்தில் 'பென்சில்' என்று பெயர். காதில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். அவர் வீடு, வீடு, வீடு என்று எழுதிக்கொண்டே வந்தார்.

"அமைதியான தெருங்க. மதியத்துக்குள்ள முடிச்சுடலாம்."

அவரை வெளியே விட்டுவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குள் போனாள். பெரிய லேத் மிஷின் போர்வை போர்த்திக்கொண்டிருந்தது; சின்னது மூலையில் சாக்குக்குள் இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டில், இரண்டு தலையணை. எண்ணெய் வாடை மட்டும் எங்கும் போகவில்லை.

"இது ஹாலு. எழுதிக்கோ" என்றான் அண்ணன்.

"அண்ணே, தெரு பூரா மஞ்சளாப் போச்சுன்னா இங்க வீடு மட்டும்தான் இருக்கலாம்னு ஆயிடும். அப்புறம் எதிர் அடுக்குமாடிக்காரர் ஒரு மனு போட்டாப் போதும், சீல் வைக்க ஆள் வந்துடும். எல்லாரும் உள்ளதைச் சொன்னா, வீடும் தொழிலும் கலந்த தெருன்னு போட வழி இருக்கு."

"வழி இருக்குங்கறே. போடுவாங்களா?"

"அது என் கையில இல்லண்ணே."

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கச் சொல்றே. உன்னை நம்பி தெருவையே காட்டிக் கொடுக்கவா?"

அதுவரை படியில் நின்றிருந்த அண்ணி இறங்கி வந்தாள். "இன்னிக்குப் போர்த்திட்டோம். தினமும் போர்த்திட்டே இருந்தா பொழைப்பு எப்படி ஓடும்?" என்று சொல்லி, போர்வையை ஒரே இழுப்பில் உருவினாள். அண்ணன் மாடிக்குப் போய்விட்டான்.

'கீழே பட்டறை, மேலே வீடு' என்று அவள் எழுதினாள். பிறகு தெருமுனைக்குத் திரும்பிப் போய் முதல் வீட்டிலிருந்து மறுபடி கதவைத் தட்டினாள். பென்சில் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். தையல்காரம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை; ஆனால் உள்ளே இருந்த நாலு மிஷினையும் காட்டினாள். நாற்பத்தொரு வாசலில் இருபத்தாறில் ஏதோ ஒரு தொழில் இருந்தது.

அதன் பிறகு எட்டு மாதம் அண்ணன் அவளோடு பேசவில்லை. அலுவலகத்தில் அவள் வரைபடம் போடும் அறையைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் அந்தத் தெரு மஞ்சளாக இருந்தது. அதிகாரியிடம் ஓடினாள்.

"அவ்வளவு சின்னத் தெருவுக்குத் தனியா ஒரு நிறமாம்மா?" என்றார் அவர்.

அவள் இருபத்தாறு பெயர் கொண்ட பட்டியலை மேசையில் வைத்தாள். "பார்க்கலாம்" என்றார். அந்த 'பார்க்கலாம்' அவளை மூன்று வாரம் படுத்தி எடுத்தது.

கடைசியில் வெளியான வரைபடத்தில் அது கலப்புத் தெரு. ஆனால் ஒரு நிபந்தனை: ஐந்து குதிரைத்திறனுக்கு மேல் மிஷின் கூடாது. தையல், அச்சகம், பேட்டரி எல்லாம் தப்பின. அண்ணனின் சின்ன லேத்தும் தப்பியது. பெரியது ஏழரை.

இதை அண்ணனிடம் யார் சொல்வது என்று அவள் தயங்கிக்கொண்டிருந்த அன்றே அண்ணன் போன் செய்தான்.

"பெரிய மிஷினை ஊருக்கு வெளிய ஒரு ஷெட்டுக்கு ஏத்துறோம். ஆள் பத்தலை. மாப்பிள்ளையை அனுப்பி வை."

"அண்ணே, நான்..."

"சனிக்கிழமை காலைல. பழைய சட்டை போட்டுட்டு வரச் சொல்லு."

கோபம் தணிந்ததா என்று குரலில் தெரியவில்லை. சனிக்கிழமை கணவனோடு அவளும் போனாள். யாரும் அவளை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. லாரியின் பின்னால் கயிற்றின் ஒரு முனையை அண்ணி நீட்டினாள். அவள் பிடித்துக்கொண்டாள்.