வரி வாங்காத வீடு

ஷிப்டு விட்ட கூட்டமெல்லாம் கம்பெனி பஸ்களில் ஏறிப் போன பிறகும் கன்னியப்பன் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். தோட்ட வேலைக்குக் கான்ட்ராக்டர் கொடுத்த பச்சைச் சட்டை அவர் உடம்புக்குத் தொளதொளவென்று இருந்தது. தேவநாதன் பைக்கை வெளியே கொண்டுவந்ததும் கையைக்கூட உயர்த்தாமல் கண்ணாலேயே நிறுத்தினார். அந்தக் கண்ணுக்கு நேரே நிற்கத் தேவநாதனால் முடியாது. அதனாலேயே தோட்டத்துப் பக்கம் போக நேர்ந்தால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். மறுமுனையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"சார், ஒரு வார்த்த பேசணும்."

"சொல்லுங்க பெரியவரே."

"ஆடி வருதுல்ல. இந்த வாட்டி என்னாண்ட வரி வாங்கிக்கிறோம்னு ஊர்ல சொல்லிகீறாங்க."

கன்னியப்பனின் ஊரான நல்லாம்பட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு வரி போடுவார்கள். தொகை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வரி வாங்காத வீடு ஊர்க்கணக்கில் இல்லாத வீடு. அந்த வீட்டுக் கல்யாணத்தில் யாரும் பந்தியில் உட்காரமாட்டார்கள், சாவு விழுந்தால் தோள் கொடுக்க வரமாட்டார்கள். கூப்பிடு தூரத்தில் ரோபோ கைகள் ராவும் பகலும் கார் கதவுக்கு வெல்டிங் அடிக்கிற காலத்தில் இதெல்லாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த ரோபோவுக்குக் கிரீஸ் போடுகிற பையன்கள்தான் இந்த வரியை ஜிபேயில் அனுப்புகிறார்கள்.

"அதுக்கு இன்னா பண்ணணுமாம்?"

"ஊரு முன்னால வுழுந்து, காட்ட நான்தான் கொளுத்துனேன், தெரியாம ஆய்ப்போச்சின்னு சொல்லணுமாம். வுழுந்துர்றேன் சார், அதுல இன்னா கீது. பேத்திக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிகீறோம். ஊரு இல்லாம எப்டிப் பண்றது?" அவர் சட்டைக்கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க ஒருதபா வந்து, நெருப்பு அப்டித்தான், அணஞ்ச மாரி கெடந்துட்டு மறுபடி கெளம்பிக்கும்னு ஒரு வார்த்த சொல்ட்டீங்கனா, நான் வேணும்னு பண்லன்னு ஜனத்துக்குப் புரியும். நீங்க ஃபயர் சார். நீங்க சொன்னா எடுபடும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டான். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். படப்பையிலுள்ள வீடு வரைக்கும் எப்படி வண்டி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

ஃபயர் சார் என்பது ஊர் வைத்த பெயர். தேவநாதன் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் உதவியாளன். காடு எரிந்த அன்று தீயணைப்பு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றின் மேல் முதலில் ஓடியவன் அவன்தான். புருவம் கருகத் திரும்பி வந்தவனுக்கு ஊர்ப் பெண்கள் மோர் கொடுத்தார்கள். கம்பெனி ஒரு கேடயம் கொடுத்தது. கேடயத்தை மனைவி மஹாலட்சுமி டிவிக்கு மேலே வைத்தாள். அவன் அதைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளினான். துடைக்கும்போதெல்லாம் அவள் அதை எடுத்து வெளியே வைப்பாள், அவன் திரும்பத் தள்ளுவான். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அது சில வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம், பாதுகாப்பு வாரம். ஒவ்வொரு வருடமும் செய்கிற பயிற்சிதான். டிரம்மை நீளவாக்கில் வெட்டிய தொட்டியில் டீசல் ஊற்றி, கம்பி நுனியில் சுற்றிய காட்டன் வேஸ்ட் கந்தையால் பற்றவைத்து, ஆளுக்கொரு தடவை அணைக்கச் சொல்லிக் கொடுப்பது. எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிட். உள்ளே தரையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் மார்க் குறைப்பார்கள். அதனால் தொட்டியில் மிஞ்சியதைக் காம்பவுண்டுச் சுவரின் உடைந்த சந்து வழியே வெளிப்புல்லில் கவிழ்ப்பது வழக்கம். சுவருக்கு வெளியே இருப்பதை எந்த ஆடிட்டரும் பார்ப்பதில்லை. அன்று கவிழ்த்தவன் தேவநாதன். கம்பியிலிருந்த கந்தையையும் உதறிக் கூடவே போட்டான். அது கறுத்துத்தான் இருந்தது. அணைந்துவிட்டது என்றே நினைத்தான். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிறவன், தண்ணீரில் முக்கிப் பார்க்கவில்லை.

கேன்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தபோது சுவரை ஒட்டிப் புகை எழுந்தது. மதியத்துக்கு மேல் கிளம்புகிற கடல்காற்று அதை நேராகக் குன்றின் மேல் தள்ளிக்கொண்டு போனது.

அதே நாள் காலையில், குன்றுக்கு அந்தப் பக்கம், கன்னியப்பனும் கொஞ்சம் காய்ந்த புல்லைக் கொளுத்தியிருந்தார். ஆடு மேய்ப்பவர்கள் செய்கிற வேலைதான். கட்டைப்புல்லைக் கொளுத்திவிட்டால் கோடைமழைக்கு இளந்தளிர் வரும். பச்சைத் தழையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் வந்தார். அணைத்தேன் என்று அவர் சொன்னதை யார் நம்பினார்கள்? கடைசியில் அவரே நம்பவில்லை. காற்று திரும்பிவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத் தானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார். விசாரிக்க வந்தவர்களும் மேய்ச்சல்காரர் வைத்த தீ என்று எழுதிக்கொண்டு போனார்கள். தேவநாதனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அதுவும் பொய் என்று இப்போது தெரிகிறது. அடுத்த வாரமே சுவரின் அந்த உடைப்பைச் செங்கல் வைத்து அடைக்க ஆள் கூட்டி வந்தவன் அவன்தான்.

தீ ஒரே மாலையில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தவைதான் முடியவில்லை. ஈச்சம் புதர் வெந்துபோனதால் துடைப்பம் கட்டிப் பிழைத்த வீடுகளில் வேலை இல்லை. மறுபடி துளிர்க்கட்டும் என்று ஒரு வருடம் காத்திருந்தார்கள். துளிர்த்த இடத்திலெல்லாம் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது. பனைமரங்கள் எரியாத மாதிரிதான் நின்றன. அடுத்த கோடையில் ஒரு குலைகூடத் தள்ளவில்லை. கொண்டை சாய்ந்த மரங்களைச் சூளைக்காரன் தான் சொன்ன விலைக்கு வெட்டிக்கொண்டு போனான். புல் வேர் இல்லாத குன்றிலிருந்து ஐப்பசி மழை மண்ணை வாரிக்கொண்டு வந்து ஏரியில் கொட்டியது. ஏரி மேடானதும் இரண்டாம் போகம் போயிற்று. தண்ணீர் இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிளாட் போடுகிறவர்களிடம் கொடுத்தார்கள். கம்பெனி தன் பங்குக்கு வீட்டுக்கு ஒரு அரிசி மூட்டை கொடுத்து, பேனர் பிடித்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டது. அந்த பேனரின் ஒரு முனையைப் பிடித்தவனும் தேவநாதன்தான்.

ஈச்சந்துடைப்பம் கட்டி இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த கிளியம்மாள் இப்போது அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். கம்பெனி தருகிற பிளாஸ்டிக் துடைப்பத்தால் அவன் மேஜைக்கடியில் பெருக்குவாள். "இத்து பெருக்கவே மாட்டேங்குது சார், குப்பையத் தள்ளிகினே போவுது," என்று ஒருநாள் சிரித்தாள். அவன் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான்.

கன்னியப்பன் ஆடுகளை விற்ற பிறகு அவருக்குத் தோட்ட வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதற்கு அவர் நன்றி சொன்னார். அதைவிட செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆடி ஞாயிறு வந்தது. முந்தின இரவெல்லாம் தேவநாதன் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும். கன்னியப்பனுக்கு ஊர் கிடைக்கும், பேத்திக்குக் கல்யாணப் பந்தி கிடைக்கும், தனக்கு வேலை இருக்கும். ஒருவருக்கும் நஷ்டமில்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு பொய் அமைந்துவிடுமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கோயில் முன்னால் அண்டாக்களில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. வேப்பிலை கட்டின பந்தலுக்குக் கீழே ஜனம் சொம்பும் தூக்குமாக உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் கிளியம்மாள். கன்னியப்பன் வெள்ளை வேட்டி கட்டி, வரிக்கு மஞ்சள் தடவிய காசை வெற்றிலையில் வைத்துக்கொண்டு நின்றார். விழா நடத்துகிற டில்லிபாபு மைக்கைத் தட்டிப் பார்த்தான்.

"ஃபயர் சாரு வந்துகீறாரு. நம்ம காட்டுக்காக உயிரக் குடுத்து ஓடுன மனுசன். பெரியவரு வுழுந்து எழுந்ததும் ரெண்டு வார்த்த சொல்லுவாரு. அத்தோட இத முடிச்சிக்கலாம்," என்று சொல்லி மைக்கைத் தேவநாதன் கையில் திணித்தான்.

கன்னியப்பன் வெற்றிலையைத் தரையில் வைத்தார். ஒரு கையை முழங்காலில் ஊன்றி மெல்லக் குனிந்தார். வயதான உடம்பு, அத்தனை சீக்கிரம் வளையவில்லை.

"நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

தேவநாதன் என்ன நினைத்தான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கை தானாகப் போய் அவர் முழங்கையைப் பிடித்தது.

"வுழாதீங்க பெரியவரே."

மைக் வாயருகே இருந்ததால் அது ஊருக்கே கேட்டது.

"வுடு சார். நான் வுழுந்துர்றேன். இன்னா இப்போ," என்றார் அவர் தாழ்ந்த குரலில், குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல.

அவன் விடவில்லை. பிடி இறுகியது. கூழ் மொள்ளுகிற அகப்பைச் சத்தம் நின்றது. டில்லிபாபு மைக்கை வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தான். கிளியம்மாள் சொம்பை மடியில் இறக்கிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளைப் பார்க்க முடியாமல் அவன் கண் ஏரியைத் தாண்டி, மிஞ்சி நின்ற மொட்டைப் பனைகளைத் தாண்டி, கம்பெனியின் பின்பக்கச் சுவரில் போய் நின்றது. பாதி குனிந்த நிலையிலேயே கன்னியப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் பார்க்கிற திசையில் மெல்லத் திரும்பினார். பாசி பிடித்துக் கறுத்த அந்த நீளச் சுவரில், பழைய சந்து இருந்த இடம் மட்டும் ஆள் நுழைகிற அகலத்துக்கு, பின்னால் அடைத்த சிமெண்டுப் பூச்சாக வெயிலில் வெளுத்துத் தெரிந்தது.