நோன்பில் ஒரு முட்டை

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கியதும் ஷுப்ராவில் எங்கள் கட்டடமே என் மகளைப் புகழ ஆரம்பித்துவிட்டது. இறைச்சி, பால், முட்டை தொடாமல் இருப்பது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். யுஸ்தினா எண்ணெயையும் விட்டாள், பிறகு ரொட்டியையும் விட்டாள். பதினைந்து வயதில் இவ்வளவு பக்தியா என்று மூன்றாம் மாடிக்காரி கண் கலங்கினாள். கேட்க எனக்கும் இனிக்கத்தான் செய்தது.

வீட்டுக்கெல்லாம் அவள்தான் சமைத்தாள். ஃபூல் பயறை மசித்து எலுமிச்சை பிழிந்து எங்களுக்கு வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். வெயில் ஏறிய பிறகும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. மாதவிலக்கு நின்றுபோனதை மறைத்துவிட்டாள். ஒரு ஞாயிறு பூசையில் நின்றபடியே சரிந்தபோதுதான் அந்தச் சட்டையை நான் கழற்றினேன். கையெல்லாம் பூனை முடி, தோளில் வெறும் எலும்பு. அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் ஹனான் சுற்றி வளைக்கவில்லை. இது பக்தியில்லை, நோய். ஒளிந்துகொள்ள அதற்கு நோன்பு வாகாகக் கிடைத்திருக்கிறது என்றார். இதயம் மெதுவாகத் துடிக்கிறது, எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும். வாராவாரம் அவளோடு அவர் பேசுவார், ஆனால் மருந்து சாப்பாடுதான். ஒவ்வொரு வேளையும் நான் எதிரே உட்கார வேண்டும், தட்டு காலியாகும்வரை எழக்கூடாது, திட்டவும் கூடாது. அந்தக் கடைசி நோன்புதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

எங்கள் பாதிரியார் அபூனா மத்தாவுஸ் வீட்டுக்கே வந்தார். நோயாளிக்கு நோன்பில்லை, எல்லாம் சாப்பிடு என்று அனுமதி கொடுத்தார். அவர் கையை முத்தமிட்டாள். கதவு சாத்தியதும் தட்டை நகர்த்திவிட்டாள்.

அப்புறம் தினமும் போர். ரொட்டி சட்டைக் கைக்குள் போகும், பாலாடைக்கட்டி பால்கனிப் புறாக்களுக்குப் போகும். குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் போனில் "சாப்பிட்டாளா?" என்பார். கேட்பதற்கென்ன! என் உடம்பில் தெம்பே இல்லை.

வியாழக்கிழமை எடை மறுபடி இறங்கியிருந்தது. சனிக்கிழமையும் இப்படியே என்றால் சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். மறுநாள் காலை ஒரு முட்டையை உரித்து அவள் முன்னால் வைத்தேன். என் தட்டில் ஃபூல். இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ நோன்பு இருப்பே. நான் மட்டும் எல்லாத்தையும் முழுங்கணும். நான் அவ்வளவு கேவலமாம்மா?"

எனக்கு உறைத்தது. சின்ன வயதிலிருந்து ஒரு நோன்பும் முறித்ததில்லை நான். அபூனாவிடம் கேட்கவும் போகவில்லை. அவளுக்காகக் கூடவே அவித்து மேசையில் வைத்திருந்த இன்னொன்றை எடுத்து, உரித்து, கடித்தேன்.

"அம்மா, பாவம்மா!"

"இருக்கட்டும்டி. அதை நான் பாத்துக்கறேன்."

மஞ்சள் கருவையும் விழுங்கினேன். அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே தன் முட்டையில் ஒரு துணுக்கைக் கடித்து, வெகுநேரம் மென்றாள்.

"உப்பே போடலை நீ. எடுத்துட்டு வாயேன்."

உப்பு சமையலறையில் இருந்தது. நான் எழுந்தால் மீதி சட்டைக் கைக்குள் போய்விடும். அவளுக்கும் அது தெரியும்.

"உப்பில்லாமயே தின்னு. நானும் அப்படித்தானே தின்னேன்."

என்னை முறைத்தாள். டீ ஆறிப்போகும்வரை முறைத்துவிட்டு மீதியையும் தின்றாள். அதற்குப் பிறகுதான் நான் எழுந்தேன். மத்தியானத்துக்கு இரண்டு முட்டையை எடுத்து வெளியே வைத்தேன், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.