கடலுக்கு முதுகு காட்டிய கடை

நளீம் என் கணவர். முந்தலில் இறால் பண்ணைகளுக்கு இரும்பு வேலை செய்கிறவர், கெட்டிக்காரர். அவருக்கு மூளை இல்லை என்று நான் சொன்னால் என் உம்மாவே என்னை ஏசுவார். ஆனாலும் கேளுங்கள்.

கப்பலில் சாமான் ஏற்றும் பழைய கொண்டெய்னர் ஒன்றை வாங்கி, அதைச் சமையலறை ஆக்கி, கற்பிட்டிக் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை போட நினைத்தோம். பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள், கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் கச்சான் காற்றுக்காகவே அங்கே வருகிறார்கள். என் காப்பும் சங்கிலியும் அந்தப் பெட்டிக்குள் போயின. ஒரு இலைகூட அசையாத பங்குனி வெயிலில், நளீம் கடலைப் பார்த்த பக்கத்துத் தகட்டை வெட்டி நீளமாக ஒரு ஜன்னல் வைத்தார். நானும் பக்கத்தில் நின்று, நல்ல வடிவு என்றேன். காற்றைத் தேடி வருகிறவர்களுக்குச் சமைக்க வந்த நாங்கள் இரண்டு பேரும் காற்றை மறந்துபோனோம்.

கச்சான் வந்தது. கடை திறப்பதற்கு முதல் நாள் பின்னேரம் அடுப்பை மூட்டினேன். அணைந்தது. மறுபடி மூட்டினேன். கறிச்சட்டிக்குள் மணல் வந்து விழுந்தது. ஜன்னலைச் சாத்தினால் உள்ளே மூச்சு முட்டியது. மற்றப் பக்கத்தையும் வெட்டினால் கூரை தொய்ந்துவிடும் என்றார் நளீம். பெட்டியைத் திருப்பத்தான் வேண்டும். ஆனால் அதை இறக்கிவிட்டுப் போன பாரந்தூக்கி லொறி மணலில் புதைந்து பட்ட பாட்டில், அதன் சாரதி இப்போது எங்கள் போனையே எடுப்பதில்லை.

மறுநாள் பகல் நூஹு ஹாஜியாரின் விடுதியிலிருந்து முதல் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் சீசன் முழுக்க எங்களிடம்தான் சாப்பாடு என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். நான் மணலில் குந்தியிருந்து அழுதேன். அழுதுகொண்டே நளீமை ஏசவும் செய்தேன்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பீற்றர் அண்ணன் வந்தார். கரையில் நின்று ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைக்குச் சொந்தக்காரர், அந்தக் கரையின் சம்மாட்டி. கச்சான் அடித்தால் கரைவலைக்கு ஓய்வு. அவருடைய ஆட்கள் சும்மா இருந்தார்கள்.

"என்ன தங்கச்சி, பெட்டி எந்தப் பக்கம் பாக்கோணும்?"

"அங்கால, பின்னுக்கு இருக்கிற தென்னந்தோட்டத்துப் பக்கம். ரெண்டு தொன்னுக்கு மேல பாரம் அண்ணன்."

"மீன் விழுந்த வலை இதவிடப் பாரம். இருங்க வாறன்."

ஐம்பது பேராவது வந்திருப்பார்கள், பெண்களும் சேர்த்து. நளீமின் ஜாக்கியால் பெட்டியைத் தூக்கி, அடியில் தென்னங்குற்றிகளை உருட்டி, மூலைகளில் வலைக்கயிற்றைக் கட்டினார்கள். பாட்டுச் சொல்லி இழுத்தார்கள். பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, நானும் கயிற்றைப் பிடித்தேன். நளீம் முன்னால் ஓடி இடது, வலது என்று கத்தினார். மஃரிப் தொழுகைக்கு முன், பொழுது படும்போது, பெட்டி கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது.

அடுப்பை மூட்டினேன். நெருப்பு நேராக எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ். இருந்த அரிசியையும் மீனையும் அப்படியே போட்டுச் சமைத்தேன்.

கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவர் வழிப்போக்கராக இருந்தாலும் அவருக்கு மீனில் பங்கு கொடுக்க வேண்டும்.

"பங்குக்கு என்ன செய்யோணும் அண்ணன்?" என்று கேட்டேன்.

"சோத்த வைங்க. பங்கு நான் பிரிக்கிறன்."

ஜன்னலடியில் நின்று, மணலில் மீன் பிரிக்கிற அதே கவனத்தோடு பீங்கான் தட்டுகளில் சோறு போட்டார். முதல் பீங்கானை என் பக்கம் நீட்டினார்.

"எல்லாரும் திண்ணட்டும். நான் பிறகு திண்டுக்கொள்றன்."

"கயித்துல கை வெச்ச ஆளுக்குப் பிறகு எண்டு ஒண்டு இல்ல. பிடிங்க."

நளீமும் கையை நீட்டினார். "நீங்க கத்தின ஆள் தானே, கடைசியில வாங்க" என்றார் பீற்றர் அண்ணன். கரை முழுக்கச் சிரித்தது.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைத் தின்கிறவள். நான் ஆக்கிய சோற்றை இன்னொருவர் போட்டு, முதலில் என் கையில் தந்தது அன்றைக்குத்தான். நன்றி சொல்ல வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது.

மறுநாள் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஜன்னலை ஏன் கடல் பக்கம் வைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தரமும் சோறு வாங்கினார்கள். ஹாஜியார் சீசன் முழுவதையும் தந்துவிட்டார். அவருக்கும் நன்றிதான். ஆனால் அந்தக் கடையின் முதல் பீங்கான் சோற்றைத் தின்றவள் நான்.