மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி

துர்க்கு நகரில் கெர்த்து வூரிஸ்டோவைத் தெரியாத கணக்கு வாத்தியார் கிடையாது. முப்பத்திரண்டு வயதில் அவள் நிரூபித்த தேற்றத்துக்கு அவள் பெயரையே வைத்திருந்தார்கள். பேராசிரியர் பதவி, பதக்கங்கள், ஆற்றைப் பார்த்த வீடு, எல்லாம் அதனால் வந்தவை.

ஏழு வருஷம் கழித்து, வகுப்பில் அதை நடத்திக்கொண்டிருக்கும்போது, பிழையை அவளேதான் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. ‘இது தெளிவு’ என்று எழுதியிருந்தாள். தெளிவாக இல்லை. கையில் சாக்குக்கட்டியோடு கரும்பலகை முன் அப்படியே நின்றாள். ஏதோ யோசிக்கிறாள் என்று மாணவர்கள் காத்திருந்தார்கள்.

அதன்பின் பதினான்கு வருஷம் அந்த வரியோடு மல்லுக்கட்டினாள். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பிளந்தது. இதற்குள் அவள் தேற்றத்தை நம்பி மற்றவர்கள் மேலே மேலே கட்டிக்கொண்டு போனார்கள். பாராட்டுக் கடிதம் வரும்போதெல்லாம் வெளியிலிருந்து யாரோ தாழ்ப்பாள் போடுவது போலிருக்கும்.

கப்பல் பட்டறையில் பொறியாளராக இருந்த கணவன் தவ்னோவிடம் ஒரு சனிக்கிழமை சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் பிழையைப் பற்றிச் சொன்னாள்; ஊரறியச் சொல்லிவிடலாமா என்றும் கேட்டாள்.

“யாராவது கேட்டாங்களா?” என்றான், கொதிக்கும் கல்லில் தண்ணீரை ஊற்றியபடி.

“இல்ல.”

“அப்புறம் நீயா எதுக்குப் போய்த் தலையக் குடுக்கற?”

“ஓட்டைன்னு தெரிஞ்சா நீ கப்பலக் கடல்ல விடுவியா?”

“உன் கப்பல் முழுகினா யாரும் சாக மாட்டாங்க, கெர்த்து!”

அவன் சிரித்தான். அவளுக்கு வெந்நீராவியில் மூச்சு முட்டியது.

அந்தக் குளிர்காலத்தில் உப்சாலாவிலிருந்து மால்ம்ஸ்டெட் என்ற கணித ஆய்வாளர் எழுதினார். அவளுடைய தேற்றத்தை வைத்து ஆறு வருஷம் உழைத்திருக்கிறாராம். புத்தகம் வசந்தத்தில் அச்சேறுகிறது. அவளுக்கே சமர்ப்பணம் செய்யலாமா?

கெர்த்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுதினாள்: “மூன்றாம் பக்கம் தவறு. பதினான்கு வருஷமாக எனக்குத் தெரியும். அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.”

தவ்னோ வாங்கிப் படித்தான். “ரெண்டாவது வரி எதுக்கு? நேத்துதான் கண்ணுல பட்டுச்சுன்னு எழுதேன்.”

“மறுபடியும் உள்ள போயி உக்காரச் சொல்றியா?”

புத்தகம் வரவில்லை. செய்தி பரவியது. காப்பி நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் மேஜையில் பேச்சு நின்றது. தேற்றத்திலிருந்து அவள் பெயர் உதிர்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஸ்டாக்ஹோம் கப்பலில் வந்திறங்கி மால்ம்ஸ்டெட் நேராக அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“பதினாலு வருஷம் எப்படிங்க தூங்குனீங்க?”

“தூங்கலைங்க.”

அவர் அவளையே பார்த்தார். “என் ஆறு வருஷம் போச்சு” என்றார்.

“தெரியும்.”

அவள் ஊற்றிய காப்பியைக் குடித்துவிட்டு, திரும்பும் கப்பலுக்கு நேரமாகும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.