முள் குத்தாத எலி

எலிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் கரீமாவின் துக்கம்.

பழவேற்காட்டுக்காரியான அவளுக்கு அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம் எதற்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே முடக்கி, இரண்டு வருடம் பாடுபட்டு எலிகளை உருவாக்கினாள். புரதம் இல்லாமல் எது கெட்டுப்போகிறதோ, அதுதான் அதன் வேலையாக இருக்கும். ஆனால் 1989இல் பிறந்த அந்த எலிகள் நன்றாகத் தின்றன, ஓடின, குட்டி போட்டன.

செப்டம்பரில் தங்கையின் நிக்காஹ்வுக்கு ஊர் வந்தவள், பள்ளித்தோழி ராஜாத்தியைத் தேடிப் போனாள். ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறவள் ராஜாத்தி. அன்று வீட்டில் இருந்தாள். கட்டைவிரல் பழுத்து வீங்கியிருந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"எறா முள்ளு. சீழ் கட்டிக்கிச்சு. அத்த வுடு, ஒம் மூஞ்சி ஏன் இப்டி கீது?"

கரீமா எலிக் கதையைச் சொன்னாள். "காத்தக்கூட வடிகட்டித்தான் உள்ள வுடுவோம். அப்டி பாத்துக்கிறோம்" என்றாள்.

ராஜாத்தி சிரித்தாள். "எலிக்கா? மாப்பிள்ளைக்குக்கூட இந்தக் கவனிப்பு இல்லடி! அதுக்கு ஒரு முள்ளாவது குத்தியிருக்கா?"

கரீமா அந்த விரலையே பார்த்தாள். சீழ் என்பது, கிருமியோடு சண்டையிட இரத்தக் குழாயிலிருந்து வெளியேறி வந்து செத்த வெள்ளை அணுக்கள்தானே? அவை எதைப் பிடித்துக்கொண்டு வெளியேறின?

"எழுந்திரு, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று இழுத்தாள். பஸ்ஸில் வழி முழுக்கக் கரீமா பேசினாள். ராஜாத்தி ஜன்னலோரம் தூங்கினாள். டாக்டர் விரலைக் கீறிக் கட்டுப்போட்டார்.

அமெரிக்கா திரும்பியதும் எலிகளை மயக்கி, தோலில் சின்னக் கீறல் போட்டாள். சாதாரண எலிகளின் காயத்தில் வெள்ளை அணுக்கள் குவிந்தன, காயம் சீக்கிரமே ஆறியது. புரதமில்லாத எலிகளிடம் ஒரு துளி சீழ்கூட இல்லை. புண் ஆறவும் இல்லை. வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரைப் பற்றி நிற்க முடியாமல் இரத்தத்தோடு ஓடிக்கொண்டே இருந்தன. பற்றிக்கொள்வதுதான் புரதத்தின் வேலை!

ராஜாத்திக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். டிசம்பரில் பதில் வந்தது: "ரொம்ப சந்தோஷம். அந்த எலிகளுக்கு என்ன மருந்து போட்டாய்?"

கரீமா கடிதத்தை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து, மருந்து கேட்க ஆய்வுக்கூடத்துக் கால்நடை மருத்துவரின் அறைக்குப் போனாள்.